கிளவுட் இல்லாமலும் பாஸ்கீ வச்சுக்கலாம்

பாஸ்கீன்னாலே, அதாவது பாஸ்வேர்டுக்கு பதிலா லாகின் பண்ண உதவுற டிஜிட்டல் சாவின்னாலே, கூகுள், ஆப்பிள் கிளவுட்லதான் போய் உக்காரணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி கட்டாயம் ஒண்ணும் இல்லங்க. பின், முகம், கைரேகை வச்சு லாகின் பண்ற விண்டோஸ் ஹலோல இந்த கம்ப்யூட்டர்லயே சேமின்னு வச்சா ரகசிய சாவி, கம்ப்யூட்டருக்குள்ள சாவிகளைக் காக்குற டிபிஎம் சிப்போட பாதுகாப்புல இங்கயே இருக்கும், உங்க பின் நம்பர் கூட மெஷினை விட்டு வெளிய போகாது, போலி சைட்ல தெரியாம க்ளிக் பண்ணாலும் டொமைன் பேர் பொருந்தாததால சாவி வேலையே செய்யாது, இது எவ்ளோ பெரிய விஷயம்! ஆனா மதர்போர்டு போச்சுன்னா அந்த பாஸ்கீயும் போச்சு. அதனால என் சாய்ஸ் கீபாஸ்எக்ஸ்சிங்கிற பாஸ்வேர்டு மேனேஜர், 2024 மார்ச்ல வந்த 2.7.7 வெர்ஷன்லேர்ந்து பாஸ்கீ சப்போர்ட் இருக்கு, எல்லாம் ஒரே என்க்ரிப்ட் பண்ண ஃபைல், காப்பி எடுத்து பென்டிரைவ்ல வச்சுக்கலாம். பாஸ்கீ தொலைஞ்சா அக்கவுண்டுக்குள்ள திரும்ப போக உதவுற ரிக்கவரி கோடையும் பேப்பர்ல எழுதி பீரோல வைங்க, முக்கியமா மெயில் அக்கவுண்டோடது, தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க.