500 பிரதிகள் கைமாறிய கதை

என் அப்பா மாட்டுத் தரகர். காங்கேயம் பக்கத்துச் சந்தைகளில் நாற்பது வருடம் நின்றவர். அவரைப் பற்றியும் அவரோடு நின்றவர்களைப் பற்றியும் நான் எழுதிய கட்டுரைகள் 2023 ஜூனில் புத்தகமாக வந்தன. 168 பக்கம், விலை 220 ரூபாய், 500 பிரதி. பதிப்பாளர் பெரிய ஆள் இல்லை, மனைவியும் அவருமாகச் சேர்ந்து நடத்துகிற பதிப்பகம். "அச்சடிச்சுத் தர்றது என் வேலைங்க, ஆனா விக்கிறதுக்கு நீங்களும் கூட நிக்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு 25 பிரதி இலவசம், அதற்கு மேல் வேண்டுமென்றால் 40 சதவீதக் கழிவு, அதாவது ஒரு பிரதி 132 ரூபாய். ஒன்றரை வருடத்தில் அந்த ஐந்நூறும் தீர்ந்தன. முதல் புத்தகம் போடுகிற சிலர் சமீபத்தில் "எப்படிக்கா வித்தீங்க?" என்று போனில் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வெளியீட்டு விழா. கோவையில்தான் வைக்க வேண்டும், பெரிய பேச்சாளர்கள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹால் வாடகை, ஃபிளெக்ஸ், மைக், டீ, பிஸ்கட், பொன்னாடை, பேச்சாளர்களுக்கு வண்டி என்று 21,000 ரூபாய் ஆனது. ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டு ஆறு மணி தாண்டித்தான் ஆரம்பித்தோம். மேடையில் ஐந்து பேர். நாலாவது ஆள் எழுந்தபோது மணி எட்டு, கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் சங்க காலத்து ஆநிரையில் தொடங்கி அரை மணி நேரம் பேசினார், என் புத்தகத்தின் ஒரு பக்கம்கூட அதில் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, விழாவுக்கு நாலு நாள் முன்பு கூரியரில் அனுப்பினால் மனிதர் எப்போது படிப்பார்? பேசக் கூப்பிடுகிறவருக்கு ஒரு மாதத்துக்கு முன்பே புத்தகத்தையோ, அச்சாகவில்லை என்றால் பிடிஎஃப்பையோ கொடுத்துவிட வேண்டும், எந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுகிறார் என்பதையும் கேட்டு முடிவு செய்துவிட வேண்டும்.

அன்று விற்றது 19 பிரதி. அதில் ஏழு, கூட்டத்தின் கடைசி நாலு நிமிடத்தால் விற்றவை. அந்த நாலு நிமிடம்தான் அதற்குப் பிறகு நான் செய்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன், வயது 74, சொந்தச் செலவில் வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். மரியாதைக்காக மேடைக்குக் கூப்பிட்டோம். மைக் பிடிக்க அவருக்குக் கூச்சம், பேச்சு வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார், முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பையனைக் கூப்பிட்டு அவன் கை மேல் துண்டைப் போட்டு அடியில் விரலைப் பிடித்தார். "இப்ப நான் எவ்வளவு கேட்டேன்னு சொல்லு சாமி" என்றார். மாட்டு விலையைச் சந்தையில் இப்படித்தான் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் இலக்கம், அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும், சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஹாலில் அதுவரை போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அது முடிந்ததும் மேசைக்கு வந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்கள், "அந்தத் துண்டு விஷயம் இதுல இருக்குங்களா?" என்று கேட்டுத்தான் வாங்கினார்கள்.

ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதை நான் ஒரு வரியில்கூடச் சொல்லப் பழகியிருக்கவில்லை. யாராவது கேட்டால் "கொங்கு வட்டாரத்துக் கால்நடைப் பண்பாடு குறித்த கட்டுரைகள்" என்பேன், கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் மாற்றிக்கொண்டேன்: "எங்கப்பா மாட்டுத் தரகர், துண்டுக்கு அடியில விலை பேசுறவர், அவர் கதை இது." இதைச் சொன்னால் நின்று கேட்கிறார்கள். நீங்களும் உங்கள் புத்தகத்துக்கு அப்படி ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள், பத்துப் பேரிடம் சொல்லிப் பாருங்கள், எந்தச் சொல்லில் அவர்கள் முகம் மாறுகிறது என்று கவனியுங்கள். விழாவுக்கு முன்பே இதைச் செய்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து நான் போனது எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு. நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு, பல ஊர்களில் மாதம் ஒரு கூட்டமாவது நடக்கும், ஆள் கிடைக்காமல் அவர்களே தேடிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பதினேழு பேர், செலவு என்று பார்த்தால் ஒரு கிலோ மிக்சரும் டீயும். நான் இருபது நிமிடம் பேசினேன், பெரியப்பா துண்டோடு வந்தார், மீதி நேரம் அவர்கள் பேசினார்கள். பதினேழு பேரில் பதினான்கு பேர் வாங்கினார்கள். கோவை ஹாலில் 21,000 செலவழித்தும் கிடைக்காதது இங்கே கிடைத்தது, காரணம் எளிது, வந்திருந்த முக்கால்வாசிப் பேருடைய வீட்டில் மாடு இருந்திருக்கிறது அல்லது இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் பக்கத்து ஊர் வாசகர் வட்டத்துக்குச் சொன்னார். அங்கே வந்திருந்த தமிழாசிரியை தன் கல்லூரிக்குச் சொன்னார். அந்தக் கல்லூரியில் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளையில் இருப்பவர், அவர்கள் மாதக் கூட்டத்தில் நூல் அறிமுகமாக வைத்தார்கள். தமுஎகச, கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளுக்குச் சின்ன ஊர்களிலும் கிளைகள் உண்டு, புது எழுத்தாளருக்கு அங்கே கதவு திறந்தேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று, நம் புத்தகம் வந்த பிறகு முதல் தடவையாக அங்கே போய் நிற்கக் கூடாது. நான் அப்படித்தான் ஓர் இடத்தில் போய் நின்றேன். ஒரு பெரியவர் தன்மையாகக் கேட்டார், "இத்தனை நாளா நம்ம கூட்டத்துக்கு வந்ததில்லைங்களே?" எனக்கு முகம் சுருங்கிவிட்டது, கேட்டது நியாயம்தானே. அதிலிருந்து மற்றவர்களுடைய கூட்டங்களுக்கும் போக ஆரம்பித்தேன், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், புத்தகம் வாங்கினேன், படித்துவிட்டு எழுதியவருக்கு இரண்டு பத்தி எழுதி அனுப்பினேன். இன்றைக்கு எனக்கு இருக்கிற எழுத்தாள நண்பர்கள் எல்லாரும் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

புத்தகக் கண்காட்சிகள் பற்றிக் கேட்கிறார்கள். ஈரோடு புத்தகத் திருவிழா 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்துவது, ஆகஸ்டில் வரும், எங்களுக்கு அது வீட்டு விசேஷம் மாதிரி. என் பதிப்பாளருக்கு அங்கே அரங்கு இல்லை, தெரிந்த விற்பனையாளர் ஒருவர் 35 சதவீதக் கழிவில் இருபது பிரதி வாங்கி வைத்தார். மூன்று மாலை அங்கே நின்றேன். மேடைப் பேச்சு தொடங்கினால் அரங்குகளில் கூட்டம் சட்டென்று குறையும், அதற்கு முந்தின இரண்டு மணி நேரம்தான் நமக்கு. என் புத்தகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றபோது ஆட்கள் விலகிப் போனார்கள். இரண்டாம் நாள், வந்தவர்களிடம் "என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டு, அந்த அரங்கில் இருந்த மற்றவர்களுடைய புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன், நான் உண்மையிலேயே படித்திருந்தவற்றை மட்டும். கடைக்காரருக்குச் சந்தோஷம். வாங்கினவர்களில் சிலர் திரும்பி "நீங்க எழுதினது எதுங்க?" என்று அவர்களாகவே கேட்டார்கள்.

2024 ஜனவரியில் சென்னை. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில், புத்தக விற்பனையாளர்கள் பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்துகிற கண்காட்சி, 1977இல் தொடங்கியது, அதன் அளவைப் பார்த்தாலே முதல் தடவை போகிற ஆளுக்கு மலைப்பு வரும். நூற்றுக்கணக்கான அரங்கு, ஒவ்வொன்றிலும் அந்த மாதம் வந்த புதுப் புத்தகங்கள், அதற்கு நடுவில் என்னுடையது ஒன்று. இரண்டு நாள் நின்றேன், எட்டுப் பிரதி விற்றது, போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்து 3,800 ரூபாய் செலவு. கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் வார நாள் மதியம் கூட்டம் குறைவான நேரத்தில், கடைக்காரர்களும் பதிப்பாளர்களும் சாவகாசமாகப் பேசுவார்கள். அப்படிப் பேசிய ஒரு விற்பனையாளர் முப்பது பிரதியை ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டார். சனி, ஞாயிறு மட்டும் போயிருந்தால் அவரிடம் வணக்கம் சொல்லக்கூட இடம் கிடைத்திருக்காது.

ரொக்கம் என்று சொன்னதும் ஒரு கசப்பு ஞாபகம் வருகிறது. ஒரு கடையில் விற்றபின் பணம் என்று பத்துப் பிரதி வைத்தேன், வாய்ப்பேச்சுதான், சீட்டு எதுவும் வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "உங்க புத்தகம் எங்ககிட்ட இல்லையே" என்றார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பத்துப் பிரதியாக இருந்தாலும் டெலிவரி சலான் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், தேதி போட்டு. அதே போல் முன்பின் அறியாத பிரபலங்களுக்குப் புத்தகம் அனுப்புவதையும் யோசித்துச் செய்யுங்கள். இருபது பேருக்கு அனுப்பினேன், இரண்டு பேர்தான் கிடைத்தது என்றாவது சொன்னார்கள். இப்போதெல்லாம் முதலில் ஒரு செய்தி அனுப்பி, "படிக்க நேரமிருந்தால் அனுப்புகிறேன்" என்று கேட்டு, சரி என்றால் மட்டும் அனுப்புகிறேன்.

பையில் எப்போதும் 25 பிரதி இருக்கும், கிட்டத்தட்ட ஆறு கிலோ. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில்தான் போனேன், அந்தச் சலுகை இல்லையென்றால் என் பள்ளிச் சம்பளத்தில் இத்தனை கூட்டத்துக்குப் போயிருக்க முடியாது. கூட்டங்களில் 200 ரூபாய் என்று ஒரே விலை, சில்லறைப் பிரச்சினை இல்லை. ஜிபே கியூஆர் அட்டையைப் பெரிதாக அச்சடித்து மேசையில் நிற்க வைத்தேன். வாங்கினவர் பெயர், ஊர், எங்கே சந்தித்தோம், என்ன சொன்னார் என்பதை அன்று இரவே நோட்டில் எழுதிவிடுவேன். அவர்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடவில்லை. அவர்கள் ஊர்ப் பக்கம் கூட்டம் என்றால் மட்டும் தனியாக ஒரு செய்தி: "நீங்க அந்த எருது கட்டுரை பிடிச்சதுன்னு சொன்னீங்க, இந்த ஞாயிறு அங்கதான் வர்றேன்." பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆறு பேர் வந்தார்கள், வருகிறபோது வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இத்தனையும் செய்து 2024 மார்ச் முடிவில் விற்றது 290 சொச்சம். அப்போதுதான் பெரியப்பா கேட்டார், "ஊரெல்லாம் போறியே அம்மிணி, தாவணிக்கு எப்ப வர்றே?"

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிக் கூடுகிற மாட்டுத்தாவணியை, அதாவது மாட்டுச் சந்தையைச் சொன்னார். காங்கேயம் மாடுகளுக்கென்றே பேர் போனது, அப்பா ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. புத்தகத்தில் மூன்று கட்டுரை அதைப் பற்றித்தான், அங்கே கொண்டு போய் விற்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. படிக்கிறவர்கள் ஹாலில் இருப்பார்கள், நூலகத்தில் இருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். ஒரு மடக்கு மேசை, மேலே ஒரு குடை, நாற்பது பிரதி. வெயில் தாங்க முடியவில்லை, அட்டை வளைந்துவிடும் என்று ஈரத்துணி போட்ட கூடையில் வைத்தேன், ஈரத்தில் இரண்டு பிரதி வீணாகிவிட்டன, அதைச் செய்யாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு பெரியப்பா மேசைக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிற தரகர்களிடம் "நம்ம ஆளு மக, அவனைப் பத்தி எழுதியிருக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

வந்தவர்களில் இளைஞர்கள் அதிகம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு வளர்க்க வந்த பையன்கள், ரேக்ளா பந்தய வண்டி ஓட்டுகிறவர்கள், இன்ஜினியரிங் முடித்துவிட்டு மயிலை என்கிற சாம்பல் நிறப் பசு இரண்டு வைத்திருப்பவர்கள். ஒருவன் ஐந்து பிரதி வாங்கினான், தன் கூட்டாளிகளுக்கு என்று. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள்கூட வாங்கினார்கள், பேரன் பெயரைச் சொல்லி அதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நாற்பதும் மதியத்துக்குள் தீர்ந்தது, அடுத்த நாள் பதிப்பாளரே காரில் நூறு பிரதி கொண்டு வந்தார். அந்த வாரத்தில் மொத்தம் 112. மீதி இருந்தவை அங்கே வாங்கினவர்கள் சொல்லிச் சொல்லி, தபாலில் கேட்டு வாங்கிக்கொண்டவை.

ஒரு மாதம் கழித்து ஒரு போன். "அக்கா, தாத்தா பேசணுமாம்" என்று ஒரு பையன். அவன்தான் தினமும் சாயங்காலம் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறானாம். பெரியவர் போனை வாங்கிச் சொன்னார்: "அம்மிணி, தொண்ணூத்தொண்ணாம் பக்கத்துல ரெண்டு மாசக் கன்னைச் செவலைன்னு எழுதியிருக்கே. காங்கேயம் கன்னு பொறக்கறப்ப எல்லாமே செவப்பாத்தான் இருக்கும், ஆறு மாசம் போனாத்தான் நெறம் திரும்பும், அதுக்கு முன்னால செவலைன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. உங்கப்பன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்."

அவர் சொன்னது சரி. சின்ன வயதில் பார்த்ததை நான்தான் தப்பாக எழுதியிருக்கிறேன். இரண்டாம் பதிப்பு 300 பிரதி அச்சுக்குப் போனபோது அந்த வரியைத் திருத்தி, முதல் பிரதியைப் பெரியவர் வீட்டுக்கு நானே கொண்டு போனேன். பேரனைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.