சித்திரைப் பௌர்ணமி: குமரி முனையில் மேற்கே மறைந்த நிலா

சித்திரைப் பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போகிறவர்கள் பெரும்பாலும் மாலைக் காட்சியோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏற, இரண்டையும் ஒரே கரையில் நின்று பார்க்கலாம் என்பது அந்த ஊரின் பெருமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2024 ஏப்ரல் 23 அன்று சித்தியோடு அங்கே போய் வந்த பிறகு, மாலையைவிட மறுநாள் விடியல்தான் என் மனத்தில் தங்கியிருக்கிறது.

வாக்குப்பதிவு முடிந்த வாரம் அது. முக்கடல் சங்கமத்தில் கால் நனைக்க இறங்கியவர்களின் விரல்களில் மை இன்னும் அழியவில்லை. ஆறு மணியைத் தாண்டியதும், விவேகானந்தர் பாறைக்கு அப்பால், நிலா நீர்த்த மோரின் நிறத்தில் எழுந்தது. சூரியன் மறைய இன்னும் நேரம் இருந்ததால் அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. ஒருவர் கைகாட்டிய பிறகுதான் கூட்டம் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டது.

“இந்தப் பக்கம் பார்த்தால் அவர் போய்விடுகிறார், அந்தப் பக்கம் பார்த்தால் இவர் ஏறிவிடுகிறார். எனக்கு இருப்பது ஒரு கழுத்துதானே!” என்றார் சித்தி.

மேற்குப் பக்கம் எனக்குச் சற்று ஏமாற்றம்தான். சித்திரையில் சூரியன் வடக்கே ஒதுங்கி மறைகிறான். குமரியின் மேற்குக் கரையோ வடமேற்காக வளைந்து போகிறது. அதனால் அந்த மாதத்தில் சூரியன் கடலில் விழுவதில்லை; கரைப் பக்கத்துப் புழுதி மூட்டத்தில் சிவந்து கரைந்துபோகிறான். கடலில் மூழ்கும் சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தை மாதங்களில் வர வேண்டும்.

இருட்டியதும் நிலாவுக்கு மேலே ஒரு வெண்ணிற நட்சத்திரம் தெரிந்தது. கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் அடங்கிவிடும் இடைவெளி. “சித்தி, அதுதான் சித்திரை நட்சத்திரம். அதன் பக்கத்தில் நிலா நிறைவதால்தான் மாதத்துக்கே அந்தப் பெயர்” என்றேன்.

“பேரை எத்தனை ஜாதகத்தில் படித்திருப்பேன்! ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். அன்று காலையில் வீட்டில் சித்திரகுப்தருக்குக் கோலம் போட்டு, ஏடும் எழுத்தாணியும் வரைந்து வணங்கிவிட்டுப் புறப்பட்டவர் அவர்.

பகவதி அம்மன் சன்னிதிக்கு விடியற்காலையில் போனோம். நடை நாலரைக்குத் திறக்கிறது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கடலைப் பார்த்த கிழக்கு வாசல் அடைத்தே இருக்கும். ஆண்டில் சில விசேஷ நாட்களில் மட்டும் திறப்பார்கள். அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் அடைத்தார்கள் என்பது கதை. விளக்கு வெளிச்சத்தில் அந்த மூக்குத்தியைப் பார்ப்பவர்கள் கதையை எளிதில் நம்பிவிடுவார்கள்.

வலக்கையில் ஜபமாலையோடு நிற்கும் அம்மன் இங்கே கன்னி. சுசீந்திரத்து ஈசனுக்கும் அவளுக்கும் இரவில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். பாணாசுரனை ஒரு கன்னியால்தான் கொல்ல முடியும் என்பதால் கல்யாணத்தை நிறுத்த வேண்டிய கட்டாயம் தேவர்களுக்கு. நாரதர் சேவலாகி விடியுமுன்பே கூவ, முகூர்த்தம் தப்பியது என்று மாப்பிள்ளை வழுக்கம்பாறையிலிருந்து திரும்பிவிட்டார். பந்திக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் இந்தக் கடற்கரையின் பலநிற மணல் என்பார்கள். எத்தனையோ முறை கேட்ட கதைதான். ஆனாலும் விடியுமுன் கோயிலை விட்டு வெளியே வந்து, வானத்தில் நிலா இன்னும் பளிச்சென்று நிற்பதைப் பார்த்தபோது, அந்தச் சேவல் கூவியதை எவரும் எப்படி நம்பினார்கள் என்று தோன்றியது. சித்தியிடம் சொன்னேன். “நம்ப வேண்டியவர் நம்பினார், அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டார்.

அப்போது நிலா மேற்கே சரிந்திருந்தது. சித்திரை நட்சத்திரம் இப்போது அதற்குக் கீழே. மாலையில் மூன்று விரலாக இருந்த இடைவெளி ஒரு முஷ்டி அளவாகியிருந்தது. நிலா ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ தன் விட்டத்தின் அளவு கிழக்கே நகர்கிறது. நட்சத்திரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டால் ஒரே இரவில் அந்த நடையைக் கண்ணாலேயே அளந்துவிடலாம். இப்படித் தினமும் பின்தங்குவதால்தான் நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது.

பஞ்சாங்கப்படி அன்று பௌர்ணமி திதி முடிந்த நேரம் காலை 5.18. திதி முடியும் அந்தக் கணத்தில்தான் நிலா சூரியனுக்கு நேர் எதிரே, 180 பாகையில் நிற்கிறது. ஆக, உண்மையான முழுநிலா மாலையில் எழுந்தது அல்ல. இப்போது மேற்கே இறங்கிக்கொண்டிருந்ததுதான். சூரியன் வடக்கே ஒதுங்கும் காலத்தில் எதிரே நிற்கும் முழுநிலா தெற்கே ஒதுங்கும். அதனால் சூரியனுக்குக் கிடைக்காத கடல் நிலாவுக்குக் கிடைத்தது. தடையில்லாத தென்மேற்குக் கடல்.

கரையில் நல்ல கூட்டம். எல்லோரும் சூரியோதயத்துக்காகக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி கிழக்கு நோக்கி நின்றார்கள். நாங்கள் இருவர் மட்டும் முதுகைக் காட்டி நின்றதைப் பார்த்த பாசிமாலை விற்கும் அம்மாள், “சூரியன் அந்தப் பக்கம் அக்கா” என்று சித்திக்கு வழிகாட்டினார். சித்தி அவர் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டார். நிலா மஞ்சளாகி, செம்மை ஏறி, கீழ் விளிம்பு மூட்டத்தில் கலைந்துகொண்டிருந்தது. ஆறு மணி கடந்த சில நிமிடங்களில் எங்கள் பின்னால் ஆரவாரம் எழுந்தது. திரும்பிச் சூரியனை ஒரு முறை கும்பிட்டுவிட்டு மறுபடி மேற்கே பார்த்தால், நிலா நீரைத் தொடாமலேயே மறைந்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்நீர் வழக்கத்தைவிடத் தாழ்வதால் பாறைக்குப் போகும் படகுகள் தாமதமாகலாம்; ரயிலை நெருக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் எடுக்கும் முன் பௌர்ணமி எப்போது முடிகிறது என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். மாலையை ஒட்டி முடிந்தால் கிழக்குக் கரை. விடியலை ஒட்டி முடிந்தால் இரவு தங்கி, அம்மனைக் கும்பிட்டுவிட்டு மேற்கே போய் நில்லுங்கள்.