ஒரு காதில் தாலாட்டு

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டால் நெஞ்சுக்குக் கீழேதான் மரத்துப்போகும். காது நன்றாகவே கேட்கும். கத்தரி தட்டில் விழும் சத்தம், மானிட்டரின் பீப் எல்லாமே. பயம் அங்கேதான் ஏறும்.

இன்று ஒரு பெண் என் விரலை விடவே இல்லை. "என்ன பாட்டும்மா பிடிக்கும்?" என்றேன். "எங்கம்மா பாடின தாலாட்டு போன்ல இருக்கு சிஸ்டர்."

டாக்டர் சரி என்றார். ஒரு காதில் மட்டும் இயர்போன். மறு காது நாங்கள் பேசுவதற்கு. இரண்டாவது தாலாட்டில் பிடி தளர்ந்தது.

குழந்தை அழுததும் கழற்றச் சொன்னாள். ஆனால் குழந்தை சில நிமிடங்களில் வந்துவிடும், தையலுக்குத்தான் நேரம் ஆகும். பாட்டு மிகவும் தேவைப்படுவது அப்போதுதான். கொஞ்ச நேரத்தில் அவளே, "திரும்ப வைங்க சிஸ்டர்" என்றாள்.