அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறீர்களா என்று மாடிவீட்டுப் பெண் கேட்டாள். "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். நம்மூரில் நாசூக்காக நழுவ இதைவிட நல்ல வழி கிடையாது. அதற்குமேல் யாரும் நோண்ட மாட்டார்கள். அவளோ வாஷிங் மெஷினில் துணி போடுவதை நிறுத்திவிட்டு, முகமெல்லாம் மலர, "அட, நீங்களும் அப்படித்தானா! எப்போது பேசி முடிவு செய்தீர்கள்?" என்றாள்.

பேசியா? என்ன பேசுவது?

சான் பிரான்சிஸ்கோ எனக்குப் பழகிப்போன ஊர். செப்டம்பர் கடைசி ஞாயிறு ஃபோல்சம் தெருவில், 1984 முதல் நடக்கிற, ஆண்டான்-அடிமை விளையாட்டுப் பிரியர்களின் விழாவில், தோல் உடுப்பும் சங்கிலியுமாகப் போகிறவர்களைத் தேர் பார்க்கிற மாதிரி ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அது வருஷத்தில் ஒருநாள் கூத்து. மாடியில் அது தினப்படி. ஒருவர் ஆள, மற்றவர் அடங்கி நடப்பது என்று அவளும் அவள் துணைவனும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. காலையில் முதல் கோப்பை டீ அவனுக்கு. பெரிய செலவென்றால் அவனிடம் அனுமதி. ராத்திரி எத்தனை மணிக்குப் போனைக் கீழே வைக்க வேண்டும் என்பதுகூட அவன் சொல்படி. கழுத்தில் மெல்லிய எஃகு வளையம். கொக்கி இல்லை, குட்டித் திருகாணிதான். தாலியா என்று கேட்க வந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஞாயிறு சாயங்காலம் இருவரும் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவார்களாம். பிடிக்காத விதியை அவள் அடித்துவிடலாம். நடுவில் ஏதாவது ஒத்துவரவில்லையென்றால் 'மஞ்சள்', அவன் வேகத்தைக் குறைக்க வேண்டும். 'சிவப்பு' என்றால் மறுபேச்சில்லாமல் எல்லாம் நின்றுவிட வேண்டும்.

அன்றைக்கு முழுக்க அம்மா ஞாபகம்தான். அப்பா கை கழுவும் சத்தம் கேட்ட பிறகு, அவர் சாப்பிட்ட இலையிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவளிடம் நோட்டு ஏது! 'சிவப்பு' என்று சொல்லியிருந்தால் அப்பா சிக்னலைத்தான் தேடியிருப்பார். ஆனால் அதே அப்பா, ஒன்றாம் தேதி சம்பளக் கவரைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மறுநாள் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டு அடுக்களை வாசலில் நிற்பார். அம்மாவும் கணக்குக் கேட்காமல் தந்ததில்லை. யார் டாமினன்ட் (ஆள்கிறவர்), யார் சப்மிஸிவ் (அடங்குகிறவர்) என்று மாடிவீட்டுக்காரியே குழம்பிப்போவாள்.

என் கதையில் அந்தக் குழப்பம் இல்லை. நான் எச்-4 விசாவில் வந்தவள். கணவர் கையைப் பிடித்துக்கொண்டு வரலாம், வேலைக்குப் போகக் கூடாது. 2015 மே மாதம்தான் எங்களில் சிலருக்கு வேலை அனுமதி கிடைத்தது. அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால். அதுவரை ஒரு ஜோடிச் செருப்பு வாங்கவும் அவர் கிரெடிட் கார்டுதான். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அது வேறு எரிச்சல், சண்டை போடவும் வழியில்லாமல். இந்த ஏற்பாட்டை எந்த ஞாயிறு, யாரோடு உட்கார்ந்து நான் ஒப்புக்கொண்டேன்? இப்போது எனக்கும் சம்பளம் வருகிறது. "கேட்டுட்டுச் சொல்றேன்" மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.

சரி என்று நாங்களும் உட்கார்ந்தோம். அவருக்கு ஒரே சிரிப்பு. "யாருக்கு யார் அடிமை? முதலில் அதைச் சொல்லு" என்றார். "காலைக் காபி நீங்க, ஹீட்டர் எத்தனை டிகிரி என்பது நான்" என்று எழுதினேன். கையெழுத்தே போட்டுவிட்டார். டிகாக்‌ஷன் இன்னும் தண்ணியாகத்தான் இறங்குகிறது. ஆனாலும் படுக்கைக்கே வருகிறது. அம்மா வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் டம்ளரைச் சட்டென்று அவர் கைக்கு மாற்றிவிடுகிறேன்.

அடுத்த மாதம் மாமியார் வருகிறார், ஆறு மாதம் தங்குவதாக உத்தேசம். காலையில் அடுப்படியில் யார் நிற்பது என்று இந்த ஞாயிறு பேசியாக வேண்டும். கணவர் இப்போதே 'மஞ்சள்' சொல்லிவிட்டார்.