22 மீட்டரில் ஓர் ஓப்பல்

2023 நவம்பர் 5, ஞாயிறு

சூரிச் ஏரி. காலை ஒன்பதுக்கு முக்குளிக்க இறங்கினோம். மேலே தண்ணீர் 11 டிகிரி, 20 மீட்டருக்குக் கீழே 6. கோடையில் பாசி கலங்கிக் கிடக்கும், நீட்டிய கை தெரியாது. குளிர் வந்தால்தான் தெளியும். அதனால் ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் மாதத்தில் நாங்கள் இரண்டு பேர், நானும் அண்ணாவும், தண்ணீர் புகாத ட்ரை சூட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறோம். ஏன் என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

வழக்கமான சரிவை விட்டு இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டோம். 22 மீட்டரில் டார்ச் வெளிச்சத்தில் பாறை மாதிரி ஏதோ தெரிந்தது. பாறைக்கு ஏது சக்கரம்?

கார். மூக்கு சேற்றில் புதைந்திருக்க, பின்பக்கம் கரையைப் பார்த்து நின்றது. உடம்பெல்லாம் சாம்பல் படிவு, அதன்மேல் விரல்நகம் அளவுச் சிப்பிகள். கூரைமேல் எக்லி மீன்கள் அசையாமல் நின்றன. அண்ணா ஒரு விரலால் பின்விளக்கைத் துடைத்தார். அவ்வளவுதான், சேறு புகை போலக் கிளம்பி எல்லாம் மறைந்தது. அது அடங்கியபோது நான் ஓட்டுநர் பக்கம் இருந்தேன். கண்ணாடி இறக்கியிருந்தது. ஒரு கை தூரம். கையில் டார்ச்.

உள்ளே அடிக்கவில்லை.

மூச்சு வேகமாகி, சிலிண்டரில் காற்றழுத்தம் 110 பாரிலிருந்து மளமளவென்று 80-க்கு வந்துவிட்டது. மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினேன். இந்த ஏரி கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேலே காற்றழுத்தம் குறைவு. மணிக்கட்டில் கட்டியிருந்த முக்குளிப்புக் கம்ப்யூட்டரில் அதற்கேற்ப வைத்திருந்தோம், அது சொன்னபடி நின்று நின்று ஏறினோம்.

கரையில் அண்ணா முதலில் கேட்டது: "தம்பி, உள்ளுக்கை ஆரும் இருந்தவையோ?"

"பாக்கலண்ணா."

"நானும் பாக்கேல்லை." யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அவர் ஓட்டியது ஓப்பல் கடெட்டாம். இதுவும் அதே வண்டி என்று விளக்கைத் தொட்டதுமே தெரிந்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு போலீஸின் 117-க்கு போன் போட்டார்.

அதே நாள், இரவு 1 மணி

தூக்கம் இல்லை. அமெரிக்காவில் ஒக்லஹாமாவின் ஃபாஸ் ஏரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. 2013 செப்டம்பரில் நெடுஞ்சாலைக் காவலர்கள் ஒலியை வைத்து நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் புது சோனாரைச் சோதித்துப் பார்க்கப் போன இடத்தில் இரண்டு கார்கள் அகப்பட்டன. ஒன்றில் 1970-இல் காணாமல்போன மூன்று இளவயதினர், இன்னொன்றில் 1969-இல் காணாமல்போன மூன்று பேர். ஆழம் நாலு மீட்டர்கூட இல்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அதன் மேலேதான் படகுகள் போய்வந்திருக்கின்றன.

நவம்பர் 6, திங்கள்

போலீஸ் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்களாம். மாலையில் போன் வந்தது: ஆள் யாரும் இல்லை. சரி என்றேன். சொன்னார்கள், ஆனால் நான் பார்க்கவில்லையே.

நவம்பர் 8

அலுவலகத்தில் செய்தி பரவி, "புகாட்டியா?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். இந்த நாட்டில் ஏரிக்கடியில் கார் என்றால் அதுதான் ஞாபகம் வரும். அஸ்கோனா பக்கம் மஜோரே ஏரியில் 1925-ஆம் வருஷத்து புகாட்டி பிரேசியா ஒன்று ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடந்தது. சுங்க வரி கட்டாத வண்டி, அதிகாரிகளே தள்ளிவிட்டார்கள் என்று கதை. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சங்கிலி கட்டி விட்டார்களாம், சங்கிலி துருப்பிடித்து அறுந்ததாம். 1967-இல் ஒரு முக்குளிப்பவர் கண்டுபிடித்தார். 2009 ஜூலையில்தான் தூக்கினார்கள், அதுவும் அடித்துக் கொல்லப்பட்ட ஓர் இளைஞன் பெயரில் நடக்கும் அறக்கட்டளைக்குப் பணம் சேர்க்க. மறு வருஷம் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோ. அவ்வளவு கொடுத்து வாங்கியவர் அதைப் புதுப்பிக்காமல், துருவோடு அப்படியே காட்சிக்கு வைத்தார். எனக்குப் பிடித்தது அதுதான்.

எங்கள் கடெட்டுக்கு அறுபது பிராங்க் தேறுமா என்று அண்ணா கேட்கிறார்.

நவம்பர் 11, சனி

தூக்கும் நாள். சூரிச் நகரத்துக் குடிநீரில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த ஏரித் தண்ணீர். அதனால் காரைவிட அதில் மிச்சமிருக்கும் எண்ணெய் பற்றித்தான் தூக்க வந்தவர்களுக்குக் கவலை. மிதக்கும் தடுப்பை முதலில் விரித்தார்கள்.

பைகளைக் கட்டிக் காற்று நிரப்பித் தூக்குகிறார்கள். ஆயிரம் லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு டன்னைத் தூக்கும், கணக்கு சுலபம். சிக்கல் மேலே வரும்போதுதான். 20 மீட்டரில் ஒரு லிட்டராக இருக்கும் காற்று மேலே வருவதற்குள் மூன்று லிட்டராகிவிடும். வழியில் வெளியேற்றாவிட்டால் வண்டி ராக்கெட் மாதிரி கிளம்பி, பை கிழிந்து, மறுபடி கீழே போகும். கீழே நிற்பவர் தலைமேல் போகும் என்றும் சொல்லலாம்.

மதியம் வெளியே வந்தது. எல்லா ஓட்டையிலிருந்தும் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. கியர் நியூட்ரலில், நாலு கண்ணாடியும் இறக்கி, நம்பர் பலகை கழற்றி. இங்கே நம்பர் பலகை வண்டியோடு போகாது, உரிமையாளரிடமே இருக்கும். வேண்டாத வண்டியைக் கழித்துக்கட்ட யாரோ நிதானமாகச் செய்த வேலை. கண்ணாடியை இறக்கியது சீக்கிரம் மூழ்கத்தான். அதையா நான் ஆறு நாள் தூங்காமல் சுமந்தேன் என்று கோபம்தான் வந்தது.

லாரியில் ஏற்றுவதற்கு முன், பார்க்கலாமா என்று கேட்டேன். பார்த்துக்கொள் என்றார் போலீஸ்காரர். அந்த ஓட்டுநர் பக்கமே குனிந்தேன். சீட்டெல்லாம் சிப்பி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, கிளட்ச், பிரேக் மிதிகளுக்கு நடுவே, சேற்றில் ஏதோ துடித்தது. கையளவு எக்லி.

"தம்பி, கெதியாப் பிடியும்!" என்று அண்ணா கத்தினார். தோள்வரை சேற்றில் கையை விட்டேன். இரண்டு முறை வழுக்கியது.