லாம்டா சரி, வண்டி தோல்வி

முதல் முறை புகைப் பரிசோதனைக்குப் போனபோது சைலன்சருக்குள் அளவுக் குழாயை விடும் தகுதிகூட என் வண்டிக்கு இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்த பரிசோதகர் இரண்டே நிமிடத்தில் மூடிவிட்டார். இன்ஜினின் அடியறையான கிராங்க் கேஸின் ஆவியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்ப வேண்டிய ரப்பர் குழாய், எதிலும் மாட்டப்படாமல் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் டாங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாங்கி மட்டும் இருந்தது. "இந்த இரண்டும் இல்லாமல் அளந்து என்ன பயன்?" என்றார். வாயைத் திறக்க எனக்கு வழியில்லை.

கார் 1990இல் தயாரானது. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், புகையின் வேகத்தால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் வேகத்துக்காக எதையும் கழற்றிப் போடத் தயங்காதவர். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட், பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள், அகலமான சைலன்சர் குழாய், புகையின் நச்சு வாயுக்களைச் சுத்திகரிக்கும் தொழிற்சாலைக் கன்வர்ட்டருக்குப் பதிலாகச் சதுர அங்குலத்துக்கு 200 அறைகள் மட்டுமே கொண்ட 'தடையில்லா' கன்வர்ட்டர், இவை எல்லாவற்றுக்கும் ஏற்ப மாற்றி எழுதப்பட்ட இன்ஜின் கணினி. சாலையில் ஓட்டினால் சொர்க்கம். சிக்னலில் நின்றால் பின்னால் வருபவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

ரப்பர் குழாயும் கரி டப்பாவும் எளிய வேலை. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் இன்னொரு மாடலின் டப்பா கிடைத்தது. மாட்டிவிட்டு, எண்ணெயையும் மாற்றினேன். எரியாத பெட்ரோல் கலந்து நாறும் பழைய எண்ணெயின் ஆவி, ஒழுங்காகத் திருப்பி மாட்டிய அதே குழாய் வழியாக இன்ஜினுக்குள்தானே போகும்? சுத்தமான எண்ணெய் அதற்கு மலிவான மருந்து.

இரண்டாம் முறை அளந்தார்கள். தாளில் வந்த எண்கள் இன்னும் மனப்பாடம். ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 2.4 சதவீதம், வரம்பு 0.5. எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன் 540 பிபிஎம் (பத்து லட்சத்தில் 540 பங்கு), வரம்பு 200. கார்பன் டை ஆக்சைடு 11.8 சதவீதம், ஆக்சிஜன் 2.1 சதவீதம். இவற்றுக்குக் கீழே, என்னைக் கேலி செய்வதுபோல, லாம்டா 1.00, தேர்ச்சி.

லாம்டா என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடை அளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த விகிதம் சரியாக இருந்தால் லாம்டா 1. பெட்ரோல் கூடினால் ஒன்றுக்குக் கீழே, காற்று கூடினால் மேலே. என் தாளில் கணக்கு கச்சிதம். பிறகு ஏன் இவ்வளவு மோனாக்சைடு?

தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கேம் ஷாஃப்டைக் குற்றம் சொன்னார்கள். சிலர் கன்வர்ட்டர் செத்துவிட்டது என்றார்கள். ஒருவர் டாங்கில் கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றச் சொன்னார். இந்த யோசனை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. கணினி இல்லாமல் பெட்ரோலைக் கலந்த கார்புரேட்டர் காலத்தின் மிச்சம் அது. ஆல்கஹாலில் ஆக்சிஜன் கலந்திருப்பதால் கலவை சற்று மெலியும் (பெட்ரோலின் பங்கு குறையும்), உண்மைதான். ஆனால் புகையின் ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் அந்த மெலிவைக் கணினி உடனே கண்டுபிடித்து அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டிவிடும். கையில் மிஞ்சுவது ஆல்கஹாலில் நைந்துபோன பழைய ரப்பர் குழாய்கள்தான். இன்னொருவர், சோதனை நாளுக்கு மட்டும் நல்ல கன்வர்ட்டரை இரவல் வாங்கி மாட்டச் சொன்னார். திருமணத்துக்கு இரவல் நகை போடுவது மாதிரி. மறுநாள் என்ன செய்வது?

என் மெக்கானிக் வயதானவர், அதிகம் பேசாதவர். தாளை வாங்கி மூக்குக் கண்ணாடிக்கு அருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, மோனாக்சைடும் நிறைய இருக்கிறது, ஆக்சிஜனும் நிறைய இருக்கிறது. பசித்தவனும் சோறும் ஒரே வீட்டில் இருந்தும் ஏன் சந்திக்கவில்லை?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் திறந்தது. ஒவ்வொரு எண்ணையும் அதன் வரம்போடு மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன் நான். அவர் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பெட்ரோல் மிகுந்து எரிந்தால் மோனாக்சைடு ஏறும், ஆனால் ஆக்சிஜன் மிஞ்சாது. காற்று மிகுந்தால் ஆக்சிஜன் மிஞ்சும், ஆனால் மோனாக்சைடு இவ்வளவு வராது. இரண்டும் சேர்ந்து வருகிறதென்றால், அந்த ஆக்சிஜன் எரியும் இடத்தில் இல்லை. எரிந்து முடிந்த பிறகு எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது.

அதாவது சைலன்சர் வழியில், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால், ஓர் ஓட்டை. ஓட்டை என்றால் புகை வெளியேதானே போகும் என்று கேட்டேன். புகை சீரான காற்றாகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு நொடிப்பொழுது உறிஞ்சல் உண்டு, மெதுவாக ஓடும்போது அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே வந்துவிடும் என்றார். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து "கலவை மெலிந்துவிட்டது" என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. இன்ஜினுக்குள் பெட்ரோல் மிகுதி, குழாய்க்குள் காற்று மிகுதி, இரண்டையும் கூட்டினால் லாம்டா 1.00. கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் அந்த எண் அவ்வளவு அழகாக வந்திருக்கிறது! 2500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2500 சுற்று) அளந்த எண்கள் அவ்வளவு மோசமில்லாததற்கும் இதுவே காரணம். புகை வேகமாக ஓடும்போது உள்ளே நுழையும் காற்றின் பங்கு சிறுத்துவிடுகிறது.

ஓட்டையைத் தேடிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் தூசி உறிஞ்சும் வாக்வம் கிளீனரின் காற்று வெளியேறும் வாயில் ஒரு குழாயை மாட்டி, குளிர்ந்த இன்ஜினின் சைலன்சர் முனையில் துணி சுற்றிச் சொருகினோம். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். புகையைச் சேகரிக்கும் மேனிஃபோல்டு இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில், நான்காம் சிலிண்டருக்குக் கீழே, குழந்தை ஊதும் குமிழிகள்போல நுரை பொங்கியது. அந்த மூலையில் இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் திருகான ஸ்டட் ஒன்று முறிந்திருந்தது, இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்டின் ஓரம் கரி படிந்து கறுத்திருந்தது. காலையில் வண்டியை எடுத்தவுடன் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், சூடானதும் குறையும். அதை இத்தனை நாளும் வால்வுகளைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தம் என்று நினைத்திருந்தேன். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளி சுருங்கும்போது சத்தம் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

முறிந்த ஸ்டட்டை எடுக்க இரண்டு நாள் போனது. துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தோம், அசையவில்லை. துளை போடலாம் என்றேன். கை சற்றுச் சாய்ந்தால் அலுமினிய ஹெட்டே போய்விடும் என்று தடுத்துவிட்டார். கடைசியில் முறிந்த நுனியின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள் வெல்டிங் செய்து இரண்டையும் ஒன்றாக்கினார். வெல்டிங்கின் சூடு துருப்பிடியைத் தளர்த்தியது. முதல் நட்டு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவது நட்டில் ஸ்பானரை வைத்து அவர் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபோது ஒரு கிறீச் சத்தம் கேட்டது. அதைவிட இனிய ஓசையை நான் அந்த ஆண்டு கேட்கவில்லை.

ஆனால் கேள்வியின் மறுபாதி அப்படியே இருந்தது. ஓட்டை வழியாகக் காற்று வந்தாலும், கன்வர்ட்டர் அந்தக் காற்றையும் மோனாக்சைடையும் சேர்த்து எரித்திருக்க வேண்டும். சந்திக்காதவர்களைச் சந்திக்க வைப்பதுதான் அதன் பிழைப்பே. அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்து அளந்தோம். (பளபளக்கும் எஃகின்மேல் அந்தக் கருவி பொய் சொல்லும். வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்டை ஒரு பொட்டாக வைத்து, அந்தப் பொட்டின்மேல் அளக்க வேண்டும்.) ஐடிலில் பத்து நிமிடம் விட்ட பிறகு முன்பக்கம் 210 டிகிரி செல்சியஸ், பின்பக்கம் 190. வேலை செய்யும் கன்வர்ட்டரின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடாக இருக்கும், ஏனென்றால் உள்ளே ஏதோ எரிகிறது. என்னுடையதில் எதுவும் எரியவில்லை. அது சாகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. கன்வர்ட்டர் விழிக்கவே 250 முதல் 300 டிகிரி வரை சூடு வேண்டும். முந்தைய உரிமையாளர் அதை வண்டியின் நடுப்பகுதிக்கும் பின்னால், டர்போவிலிருந்து வெகு தொலைவில் மாட்டியிருந்தார். போதாததற்கு, சோதனை நாளில் நான் முக்கால் மணி நேரம் வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். குளிர்ந்த அடுப்பில் சோறு வேகவில்லை என்று புலம்பியிருக்கிறேன்.

மெக்கானிக் குழாயை வெட்டிக் கன்வர்ட்டரை டர்போவுக்கு அருகில், ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னால் கொண்டுவந்தார். அடுத்த அளவில் முன்பக்கம் 290, பின்பக்கம் 340. அதைப் பார்த்ததும் தேறிவிட்டதாகவே முடிவுகட்டினேன்.

மூன்றாம் முறையும் தோல்வி. மோனாக்சைடு 0.2, அருமை. ஹைட்ரோகார்பன் மட்டும் 240. நாற்பது பிபிஎம்முக்காக ஒரு மனிதன் எவ்வளவு எரிச்சலடைய முடியும் என்பதை வீடு திரும்பும்வரை சோதித்துப் பார்த்தேன்.

இப்போது கேம் ஷாஃப்டின் முறை. குற்றம் சொன்னவர்கள் முழுக்கத் தவறில்லை, காரணத்தைத்தான் தவறாகச் சொன்னார்கள். உள்வால்வும் வெளிவால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது பெட்ரோல் எரியாமல் நேராக வெளியே ஓடிவிடுகிறது என்பார்கள். ஐடிலில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். உள்பக்கம் வெற்றிடம் இருப்பதால் எரிந்த புகைதான் திரும்ப உள்ளே இழுக்கப்படுகிறது. அது புதிய கலவையை நீர்க்கச் செய்கிறது. சில சுழற்சிகளில் கலவை சரியாகப் பற்றுவதில்லை. பற்றாமல் போன அந்தப் பெட்ரோல்தான் தாளில் 240 ஆக வந்து நிற்கிறது.

அப்படியானால் பற்றவைப்பதைத்தான் பலப்படுத்த வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. டர்போவின் முழு அழுத்தத்துக்காக, சூட்டை வேகமாகக் கடத்திவிடும் 'குளிர்' வகைப் பிளக், அதுவும் 0.6 மில்லிமீட்டர் இடைவெளியில். முழு வேகத்தில் அதுதான் சரி. ஐடிலிலோ, பிளக்கின் முனை தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் அளவுக்குச் சூடேறுவதில்லை, சின்னப் பொறியும் நீர்த்த கலவைக்குப் போதவில்லை. ஒரு படி சூடான வகையை வாங்கி 0.8 இடைவெளியில் மாட்டினோம். "இதை வைத்துக்கொண்டு டர்போவை மிதிக்காதே" என்று இரண்டு முறை சொன்னார். பிளக் முனை அதிகம் சூடானால் பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றி, பிஸ்டனில் துளை விழலாம்.

கணினியில் ஐடில் வேகத்தை 850இலிருந்து 1000க்கு ஏற்றினோம், சோதனையின் வரம்புக்குள்தான். பொறி விழும் நேரத்தை (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் கிராங்க் சுழல வேண்டிய கோணம்) 20 டிகிரியிலிருந்து 14க்குப் பின்தள்ளினோம். தாமதமாக எரிந்தால் புகை சூடாக வெளியேறும், மிச்சம் மீதி வழியிலேயே எரியும், கன்வர்ட்டரும் தூங்காது. இன்னும் பின்தள்ளிப் பார்த்தபோது இன்ஜின் குலுங்கத் தொடங்கியது, எண் திரும்ப ஏறியது. 14இல் நிறுத்திவிட்டோம்.

நான்காம் முறை வரிசையில் இன்ஜினை அணைக்கவில்லை. அதற்கு முன் இருபது நிமிடம், ஒரு கியர் குறைவாகவே வைத்துச் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வந்திருந்தேன். என் முறை வருவதற்குச் சற்று முன் 2500 ஆர்பிஎம்மில் மூன்று நிமிடம் வைத்திருந்தேன். முன்னால் நின்றவர் திரும்பித் திரும்பி முறைத்தார். என் மனநிலையில் அது உறைக்கவில்லை.

அதே பரிசோதகர். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மோனாக்சைடு 0.1, ஹைட்ரோகார்பன் 85, கார்பன் டை ஆக்சைடு 15.1, ஆக்சிஜன் 0.2. லாம்டா, வழக்கம்போல, 1.00.

"என்ன மாற்றினீர்கள்? கேமா?"

"ஒரு ஸ்டட், ஒரு கேஸ்கெட். கன்வர்ட்டரை ஒரு மீட்டர் தள்ளினோம். அப்புறம் நான்கு பிளக்."

தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். திரும்பும் வழியில் நீண்ட, காலியான சாலை ஒன்று வரும். வழக்கமாக அங்கே மிதிப்பேன். அன்று லாரிக்குப் பின்னால் பொறுமையாக வந்து சேர்ந்து, இன்ஜின் ஆறியதும் முதல் வேலையாகக் குளிர்ப் பிளக்குகளைத் திரும்ப மாட்டினேன். சூடான நான்கும் தாளோடு சேர்த்து ஒரு டப்பாவில் இருக்கின்றன, அடுத்த சோதனைத் தேதி மூடியில் எழுதியிருக்கிறது.