விசாரணை அறையில் எழுதப்படும் நாவல்கள்

புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய நாவல் என்றாலே 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. அண்மையில் மூன்று நாவல்களை அடுத்தடுத்துப் படித்தபோதுதான் உறைத்தது, மூன்றிலும் யாரோ ஒருவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

கமிலா ஷம்சியின் 'ஹோம் ஃபயர்' (2017) லண்டன் விமான நிலைய விசாரணை அறையில் தொடங்குகிறது. பாகிஸ்தானிக் குடும்பத்தில் வந்த பிரிட்டிஷ் முஸ்லிம் பெண் இஸ்மா அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறாள். அரசியைப் பற்றி, ஜனநாயகத்தைப் பற்றி, ஈராக் படையெடுப்பைப் பற்றி, டிவியில் வரும் கேக் போட்டியைப் பற்றிக்கூட என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார்கள், விமானம் போய்விடுகிறது. இதெல்லாம் வரும் என்று தெரிந்தே வீட்டில் தங்கை அனீகாவோடு ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த ஒத்திகைதான் என்னை உலுக்கியது. லண்டனில் வளர்ந்த பெண் அவள்.

மொஹ்சின் ஹமீதின் 'தி ரிலக்டன்ட் ஃபண்டமென்டலிஸ்ட்' (2007) முழுக்க, லாகூரில் ஓர் அமெரிக்கனிடம் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய பாகிஸ்தானி சங்கேஸ் தன் கதையைச் சொல்கிறான். எதிரே இருப்பவன் பேசுவது நமக்குக் கேட்பதே இல்லை. ஆனாலும் அவன் சந்தேகத்தை உணர முடிகிறது, சங்கேஸின் பதில்களிலிருந்தே.

வியட் தன் நுயெனின் 'தி சிம்பதைசர்' (2015) இன்னும் கொடுமை. எதையும் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கத் தெரிந்த ஒரு கம்யூனிஸ்ட் உளவாளி, வியட்நாம் போரின் முடிவில் சைகோன் வீழ்ந்தபின் அமெரிக்கா போய்த் திரும்பியவன், சிறையில் வாக்குமூலம் எழுதுகிறான். எழுதச் சொல்பவர்கள் அவனுடைய சொந்தத் தரப்பினர்!

விசுவாசம் தானாகப் பிளப்பதில்லை, யாராவது 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கும்போது பிளக்கிறது என்றுதான் நான் இவற்றைப் படிக்கிறேன். கேள்வி கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டாலும் தப்ப முடிவதில்லை. 'ஹோம் ஃபயர்' நாவலின் உள்துறை அமைச்சர் கராமத் லோனும் பாகிஸ்தானிக் குடும்பத்தில் வந்தவர்தான். யாரும் கேட்குமுன்பே அவர் பதில் சொல்லிவிடுகிறார், மற்றவர்களைவிடக் கடுமையாக.

சரி, முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஐஎஸ் தீவிரவாத அமைப்பில் சேர்ந்து, மனம் மாறித் திரும்ப முயன்று இறந்துபோன இஸ்மாவின் தம்பி பர்வேஸின் உடலை பிரிட்டனுக்குள் விட லோன் மறுக்கிறார். இரட்டைச் சகோதரி அனீகா கராச்சியில் அந்த உடலருகே உட்கார்ந்து, கேமராக்களுக்கு முன் பிரிட்டிஷ் பிரதமரிடம் கேட்கிறாள், அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக விடுங்கள் என்று. வீடு என்று அவள் சொல்வது லண்டனை.